சைக்கிள் பாதையில் நின்ற கார்

தையல் கடைகளும் துணிப் பட்டறைகளும் நெருக்கியடித்துக் கிடக்கும் அந்தப் பகுதியில் அவளை எல்லோரும் ஊசியக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். அவள் தையல் மெஷின் மெக்கானிக். நூல் அறுந்துகொண்டே இருந்தாலும், தையல் விட்டுவிட்டு விழுந்தாலும், மோட்டார் முனகினாலும் பட்டறைக்காரர்கள் முதலில் போன் போடுவது அவளுக்குத்தான். ஊசி மாற்றுகிறவள் என்பதால் மட்டும் அந்தப் பெயர் ஒட்டிக்கொள்ளவில்லை. வாயும் அப்படி. "எண்ணெய் விடுங்க, எண்ணெய் விடுங்கன்னு தொண்டை கிழியச் சொன்னேனே, காதுல விட்டுக்கிட்டீங்களா?" என்று பட்டறை முதலாளியையே நிற்கவைத்துக் கேட்பாள். கேட்டபடியே மெஷினைக் கவிழ்த்து, வயிற்றைத் திறந்து, பஞ்சும் தூசியும் அடைத்துக் கிடப்பதை ஊதித் தள்ளி, ஏதோ ஒரு திருகைக் கொஞ்சம் திருப்பி, ஓட்டிப் பார்த்துவிட்டு எழுந்துவிடுவாள். மெஷின் ஓடத் தொடங்கிவிட்டால் அந்தக் கோபம் போன இடம் தெரியாது.

ரோட்டில் வரும் கோபம் அப்படியில்லை. அது அவளோடு வீடுவரை வரும். செருப்பைக் கழற்றினாலும் போகாது. சாப்பிட உட்கார்ந்தால் தட்டுக்கு எதிரே வந்து உட்கார்ந்துகொள்ளும்.

அவள் சைக்கிளில் போகிறவள். கல்யாணத்துக்கு முன்பிருந்தே சைக்கிள்தான். கேரியரில் ஒரு தகரப் பெட்டி. அதில் ஸ்க்ரூ டிரைவர்கள், பெல்ட்டுகள், நூல் சுற்றும் பாபின்கள், எண்ணெய்க் குப்பி, பல அளவு ஊசிகள். பட்டறைகள் இருப்பதெல்லாம் கார் திரும்ப முடியாத சந்துகளில். அங்கே சைக்கிளை விட்டால் வேறு எது போகும்? "ஒரு ஸ்கூட்டர் வாங்கிக்கலாமே" என்று கேட்கிறவர்களிடம், "எனக்கு இதுதான் பிடிச்சிருக்கு. உங்களுக்கு என்ன?" என்று திருப்பிக் கேட்பாள். உண்மையும் அதுதான். காலையில் காற்று முகத்தில் படும்போது, யாருடைய தயவும் இல்லாமல் தன் காலால் தான் போகிறோம் என்ற நினைப்பு அவளுக்கு இனித்தது. சந்துகளுக்குள் இருக்கும்வரை இனித்தது. பெரிய ரோட்டில் ஏறியதும் இனிப்பெல்லாம் போய்விடும்.

அந்த ரோட்டில் சைக்கிளை ஒரு வண்டி என்று யாரும் நினைப்பதாகத் தெரியவில்லை. சாக்கடை மூடியின் கம்பிகளைச் சக்கரம் போகிற திசையிலேயே நீளவாக்கில் வைத்திருந்தார்கள். சைக்கிள் ரிம் அதற்குள் கச்சிதமாக இறங்கும். எதிர்த்திசையில் ஓரமாகவே வரும் மோட்டார் பைக்காரன், தோளுக்கும் காதுக்கும் நடுவே போனை இடுக்கிக்கொண்டு, அவளைப் பார்த்து 'ஒதுங்கு' என்று கண்ணால் அதட்டுவான். பஸ் அவளைத் தாண்டிப் போய், தாண்டிய கையோடு அவள் முன்னாலேயே ஓரம் கட்டி, அவளைச் சுவருக்கும் தகரத்துக்கும் நடுவில் பிழிந்துவிடும். பின்னால் வந்து காதோடு காதாக ஹாரன் அடிப்பவர்களுக்குக் கணக்கே இல்லை. அவளிடம் இருப்பது ஒரு மணி. அதை அடித்தால் முன்னால் போகிறவருக்கே பாதிதான் கேட்கும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அவள் புருஷன் ஓட்டுவதே டவுன் பஸ். அதே ரோட்டில்.

"உங்க ஆளுங்க இருக்காங்களே, கண்ணாடியில பார்த்தா கொசு மாதிரி. இந்தப் பக்கம் பார்த்தா அந்தப் பக்கம் வராங்க" என்பார் அவர்.

"கொசுவை அடிக்கிறதுக்குத்தான் அவ்வளவு பெரிய வண்டி குடுத்திருக்காங்களா?" என்பாள் அவள்.

"டைமுக்குப் போகலைன்னா டிப்போவுல என்னை அடிக்கிறாங்களே, அதுக்கு என்ன சொல்றே?"

"உங்க டைமுக்கு என் உயிரா?"

அவர்களோடு இருந்த மாமியார் இரண்டு பக்கமும் சேரமாட்டாள். "ரோட்டைக் கொண்டாந்து வீட்டுக்குள்ள போடாதீங்க. சோறு ஆறுது" என்று ஒரே போடாகப் போட்டு இருவரையும் வாய் மூட வைப்பாள். இப்படியே வருஷங்கள் ஓடின. சண்டையும் ஒரு பழக்கமாகி, சண்டை இல்லாத நாளில் வீடு என்னவோ போல இருந்தது.

பிறகு ஒரு நாள் அந்தப் பெரிய ரோட்டின் ஓரத்தில் பச்சை வண்ணம் அடித்தார்கள். நடுநடுவே வெள்ளையில் சைக்கிள் படம். ஒலிபெருக்கி வைத்து யாரோ பேசினார்கள். ஊசியக்காவுக்கு முதலில் நம்பிக்கை வரவில்லை. மறுநாள் அதில் ஓட்டிப் போனபோது, பின்னால் ஹாரன் இல்லை, பக்கத்தில் தகரம் இல்லை. தோள்கள் இரண்டும் தாமாகக் கீழே இறங்கின. இத்தனை வருஷமாக அவற்றைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே ஓட்டியிருக்கிறோம் என்பது அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. வீட்டுக்கு வந்து, "கல்யாணப் பந்தல்ல நடக்கிற மாதிரி இருந்துச்சு அத்தை" என்றாள்.

அந்தச் சந்தோஷம் வண்ணம் காயும்வரைதான் இருந்தது. முதலில் ஒருவர் "ரெண்டே நிமிஷம்" என்று காரை நிறுத்தினார். அவருக்குப் பின்னால் இன்னொருவர். கட்டட வேலைக்காரர்கள் மணலைக் கொட்டினார்கள். கடைக்காரர்கள் பெயர்ப்பலகையை எடுத்து வைத்தார்கள். ஒரு மாதத்தில் பச்சைப் பாதை முழுக்கக் கார்கள் வரிசையாக நின்றன. வெள்ளை சைக்கிள் படத்தின் மேலேயே டயரை ஏற்றி நிறுத்தியிருந்தார்கள். பாதை வரையாமல் இருந்தபோதாவது ரோட்டின் ஓரம் என்று ஒன்று இருந்தது. இப்போது அந்த ஓரத்தையும் கார் தின்றுவிட்டது. சைக்கிள்காரர்கள் நின்ற காருக்கும் ஓடுகிற பஸ்ஸுக்கும் நடுவில் ஒரு கயிற்றில் நடப்பதுபோல் போக வேண்டியதாயிற்று.

அவள் விழுந்தது ஒரு சாதாரணக் காலை நேரத்தில். மழை இல்லை, அவசரம் இல்லை. திரைச்சீலைக் கடை வாசலில் வெள்ளைக் கார் ஒன்று பச்சைப் பாதையில் நின்றிருந்தது. அவள் திரும்பிப் பார்த்தாள், கை காட்டினாள், விலகி ஓட்டினாள். எல்லாம் முறையாகத்தான் செய்தாள். காரின் பக்கத்தில் வந்தபோது கதவு திறந்தது.

கதவு மெல்லத் திறந்திருந்தால் பிரேக் பிடித்திருப்பாள். அந்த மனிதர் உள்ளேயிருந்து காலால் உதைத்துத் திறந்தார். ஹேண்டில்பார் கதவில் மோதியது, சைக்கிள் நின்றுவிட்டது, அவள் நிற்கவில்லை. தோள் முதலில் தரையில் விழுந்தது. தகரப் பெட்டி வாய் பிளந்து, ஊசிகளும் பாபின்களும் தார் ரோட்டில் சிதறின. அவள் காதுக்குப் பக்கத்தில் பெரிய டயர் ஒன்று கிறீச்சென்று தேய்ந்து நின்றது. ரப்பர் கருகிய நெடி மூக்கில் ஏறியது. தலையைத் திருப்பியபோது டயரின் பள்ளங்களில் சிக்கியிருந்த சின்னக் கற்கள்கூடத் தெரிந்தன.

காரிலிருந்து இறங்கியவர் திரைச்சீலைக் கடையின் முதலாளி. அவர் முதலில் பார்த்தது அவளை அல்ல. கதவைப் பார்த்தார். அதன் விளிம்பைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். பிறகுதான் குனிந்தார்.

"பார்த்து வரக்கூடாதாம்மா?"

வலி கண்ணை மறைத்துக்கொண்டிருந்த அந்த நேரத்திலும் அந்தக் கேள்வி அவள் காதில் தெளிவாக விழுந்தது. பதில் சொல்ல வாயைத் திறந்தாள். மூச்சுதான் வந்தது. அன்றிலிருந்து அவருக்கு அவள் வைத்த பெயர் கதவுக்காரர்.

ஆஸ்பத்திரியில் தோளை ஒட்டிய காறை எலும்பு முறிந்திருக்கிறது என்றார்கள். கையை மடக்கி மார்போடு சேர்த்துக் கட்டினார்கள். கட்டுப் போட்ட டாக்டர், "இந்த டிராஃபிக்ல சைக்கிளாம்மா?" என்றார். எக்ஸ்ரே எடுத்தவர், "ஹெல்மெட் போடலையா?" என்றார்.

"தோள்ல போடுறதுக்கு ஹெல்மெட் எந்தக் கடையில விக்குது?" என்று கேட்டாள் ஊசியக்கா.

பார்க்க வந்தவர்கள் எல்லோரும் ஏதோ பேசிவைத்துக்கொண்டு வந்ததுபோல் அதையே கேட்டார்கள். ஏன் சைக்கிள், ஏன் அந்த ரோடு, ஏன் இந்த வயசில். கதவைத் திறந்தவன் ஏன் பார்க்காமல் திறந்தான் என்று ஒருவர் வாயிலிருந்தும் வரவில்லை. கல் தடுக்கி விழுந்த குழந்தையிடம் பேசுவதுபோல் பேசினார்கள். அவளுக்கு எலும்பு வலித்ததைவிட அதுதான் அதிகம் வலித்தது.

அன்று மாலை புருஷன் டிப்போவிலிருந்து வந்தார். ஆஸ்பத்திரியில் அவளைப் பார்த்துவிட்டு ஷிஃப்டை முடிக்கப் போனவர், இப்போது ஷூவைக்கூடக் கழற்றாமல் வாசற்படியிலேயே நின்றார்.

"உனக்குப் பின்னால வந்த பஸ், நம்ம டிப்போ பஸ்தான். ஓட்டினவன் என்னைப் பார்த்ததும் உட்கார்ந்துட்டான். 'உங்க வீட்டம்மான்னு தெரியாது, தலை என் டயருக்கு ஒரு முழம்கூட இல்லை'ன்னான்."

"பிரேக் பிடிச்சாரே, அவருக்குப் புண்ணியம்."

"அது போகட்டும். சைக்கிளை வித்துடலாம்."

கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்த அவள் எழுந்து நின்றாள். "நான் ஏன் விக்கணும்? கதவைத் திறந்தவன் காரை விக்கட்டும்."

"கிறுக்கு மாதிரி பேசாதே. நான் உன் உயிரைப் பத்திப் பேசறேன்."

"நானும் அதைப் பத்தித்தான் பேசறேன். என்னை இடிச்சவன் சாயங்காலம் கார்லதான் வீட்டுக்குப் போயிருப்பான். நான் நடந்து போகணும். இதுதானே உங்க நியாயம்? டிரைவருக்கு டிரைவர் விட்டுக்குடுக்க மாட்டீங்களே!"

அவர் முகம் சுருங்கிவிட்டது. மாமியார் அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"டேய், அவ சொல்றதுல என்னடா தப்பு?"

"நீ வேற சும்மா இரும்மா."

"நான் ஏன் சும்மா இருக்கணும்? நாளைக்கு அவ போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனா துணைக்கு நானும் போவேன்."

போனாள். மருமகளின் தலையை வாரிப் பின்னிவிட்டு, கட்டுப் போட்ட கைக்குமேல் துணியைச் சரிசெய்து, கையோடு கூட்டிக்கொண்டு போனாள். ஸ்டேஷனில் புகார் எழுதும் போலீஸ்காரர் மூக்கின் நுனியில் கண்ணாடியை வைத்துக்கொண்டிருந்தார். மரியாதையாகத்தான் பேசினார். உட்காரச் சொன்னார், தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார்.

"மோதினப்போ ரோட்டுல எந்த இடத்துல இருந்தீங்க?"

"நின்ன காருக்குப் பக்கத்துல."

"அதாவது, சைக்கிள் பாதைக்கு வெளியே."

"சைக்கிள் பாதையிலதான் சார் கார் நின்னுச்சு."

"அது வேற விஷயம்மா. நான் கேக்குறது, நீங்க எங்க இருந்தீங்கன்னு."

"அதுவும் இதுவும் ஒரே விஷயம். கார் அங்க இல்லைன்னா நான் ஏன் வெளியே வரேன்? பறந்தா போக முடியும்?"

அவர் எழுதிக்கொண்டே வாய்விட்டுப் படித்தார். "சைக்கிள் பாதையை விட்டு விலகி ஓட்டி வந்தபோது..."

ஊசியக்காவுக்கு உடம்பெல்லாம் தீப்பிடித்ததுபோல் இருந்தது. நல்ல கையால் மேஜையில் ஓங்கி அடித்தாள். மேஜைமேல் இருந்த பேனா உருண்டு விழுந்தது.

"ஏன் விலகினேன்னும் எழுதுங்க!"

"கத்தாதீங்கம்மா. பார்க்கிங் வேற பிரிவு. நாங்க அதைப் பார்க்குறதில்லை."

"உங்க கண்ணு பார்க்கலையா, இல்லை உங்க பிரிவு பார்க்கலையா?"

மாமியார் அவள் முதுகில் கை வைத்தாள். அமைதியாக இருக்கச் சொல்லப்போகிறாள் என்று போலீஸ்காரர் நம்பிக்கையோடு நிமிர்ந்தார். "நல்லா கேளு" என்றாள் மாமியார்.

எவ்வளவு கேட்டும் அந்த வரி மாறவில்லை. புகாரை மட்டும் வாங்கிக்கொண்டார்கள். கார்க்காரரைக் கூப்பிட்டு விசாரிப்பதாகச் சொன்னார்கள். கூப்பிட்டிருக்க வேண்டும், ஏனென்றால் சில நாள் கழித்துக் கதவுக்காரர் பழக்கூடையோடு வீட்டு வாசலில் வந்து நின்றார்.

ஆள் பார்க்கக் கெட்டவராக இல்லை. ஷூவைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். கை எப்படி இருக்கிறது, தூக்கம் வருகிறதா என்றெல்லாம் கேட்டார். பிறகு மெல்ல விஷயத்துக்கு வந்தார்.

"பாருங்கம்மா, ரெண்டு பக்கமும் கொஞ்சம் கொஞ்சம் தப்பு இருக்கு. எனக்கு லைசன்ஸ் புதுப்பிக்கிற நேரம். ஸ்டேஷன்ல கேஸ் நின்னா சிக்கல். நீங்க பெரிய மனசு பண்ணி..."

"என் பக்கம் என்ன தப்பு?"

அவர் யோசித்தார். "இல்ல... அந்த ரோட்டுல சைக்கிள்ல போறதே கொஞ்சம்..."

ஊசியக்கா அவரை உற்றுப் பார்த்தாள். கத்தவில்லை. அவள் கத்தாமல் இருப்பதைப் பார்த்து, கதவோரம் நின்ற புருஷன் ஓரடி உள்ளே வந்தார்.

"புகாரை வாபஸ் வாங்கறேன்" என்றாள். "ஆனா ஒண்ணு. என் சைக்கிளை எடுத்துக்கிட்டு, சாயங்காலம் கடை விட்டு ஜனம் போற நேரத்துல, சந்து முனையிலேர்ந்து உங்க கடை தாண்டி சிக்னல் வரைக்கும் நீங்க ஓட்டிப் போகணும். நான் நடைபாதையில கூட வரேன்."

கதவுக்காரர் வாய்விட்டுச் சிரித்தார். "இவ்வளவுதானா? ஸ்கூல் போற காலத்துல ரெண்டு கையையும் விட்டுட்டு ஓட்டினவன்மா நான்!"

மறுநாள் மாலை வந்தார். புருஷன் நெளிந்த ஹேண்டில்பாரை நிமிர்த்தி வைத்திருந்தார். கதவுக்காரர் ஏறி உட்கார்ந்து, மணியை இரண்டு தடவை அடித்துப் பார்த்து, குழந்தை மாதிரி சிரித்தபடி கிளம்பினார். ரோட்டில் ஏறிய கொஞ்ச தூரத்திலேயே பின்னால் வந்த லாரி ஹாரன் அடித்தது. அவர் தோள் எகிறியதை நடைபாதையில் நடந்துகொண்டிருந்த அவள் பார்த்தாள். பச்சைப் பாதையில் நின்ற முதல் காரைச் சுற்றிப் போனார். இரண்டாவதைச் சுற்றும்போது ஒரு பஸ் அவர் சட்டைக் கையை உரசுவதுபோல் போனது. கால் பெடலில் நிற்காமல் வழுக்கியது. எதிரே ஒரு மோட்டார் பைக்காரன் வந்து, "யோவ், வீட்டுல சொல்லிட்டு வந்தியா?" என்று கத்திவிட்டுப் போனான். கடை முதலாளியான தன்னை யாரும் ஒருமையில் பேசி அவருக்குப் பழக்கமில்லை. ஒரு காருக்குள் யாரோ அசைவது தெரிந்ததும் பிரேக்கை இறுக்கிப் பிடித்து நின்றார். அத்தோடு சரி. சொந்தக் கடை வாசலைக்கூட எட்டவில்லை. இறங்கி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடைபாதைக்கு வந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"எப்படிம்மா தினமும் இதுல போறீங்க?" முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டார். "செத்துப்போயிடுவேன்னு நினைச்சேன்."

ஊசியக்காவுக்கு உள்ளுக்குள் என்னவோ இளகியது. கேட்க நினைத்ததையெல்லாம் விழுங்கிவிட்டாள். "மனுஷன்தான், புரிஞ்சுக்கிட்டார்" என்று அன்று மாமியாரிடம் சொன்னாள். மறுநாளே ஸ்டேஷனுக்குப் போய்ப் புகாரை வாபஸ் வாங்கினாள். மூக்குநுனிக் கண்ணாடிக்காரர், "நல்ல முடிவும்மா" என்றார்.

கட்டுப் பிரித்து, கைக்குக் கொஞ்சம் பலம் வந்த பிறகு அவள் மறுபடி சைக்கிளை எடுத்தாள். சைக்கிளை விற்கச் சொன்ன புருஷனே டயருக்குக் காற்று அடித்து வைத்திருந்தார். பெரிய ரோட்டில் ஏறியபோது அவளுக்கு ஒவ்வொரு காரும் ஒரு கதவாகத் தெரிந்தது. திரைச்சீலைக் கடை பக்கம் வந்தாள்.

வெள்ளைக் கார் அதே இடத்தில் நின்றது. ஒரு சாண் கூட இந்தப் பக்கம் அந்தப் பக்கம் இல்லை. வெள்ளை சைக்கிள் படத்தின்மேல் டயர்.

கதவுக்காரர் கடை வாசலில் நின்றிருந்தார். அவளைப் பார்த்ததும் முகமெல்லாம் மலர, "வாங்கம்மா, வாங்க! கை சரியாயிடுச்சா?" என்றார்.

"கார்?" என்றாள் அவள்.

"ஆ, அதுவா. இங்க விடலைன்னா வேற எங்கம்மா விடறது? சரக்கு ஏத்தணும், இறக்கணும். கவலைப்படாதீங்க, இப்பல்லாம் நான் கண்ணாடியில நல்லா பார்த்துட்டுத்தான் கதவைத் திறக்கறேன். உங்களாலதான் அந்தப் பழக்கம் வந்துச்சு."

நன்றி சொல்கிறார்! ஊசியக்கா சைக்கிளிலிருந்து இறங்கினாள். தெரியாமல் செய்தவனை மன்னித்துவிட்டாள். இவர் இப்போது தெரிந்துகொண்டு செய்கிறார். அந்த ரோட்டில் ஓட்டி, பயந்து, வியர்த்து, செத்துவிடுவோம் என்று தன் வாயாலேயே சொல்லிவிட்டு, மறுபடி அங்கேயே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார். புகாரும் இல்லை, கேஸும் இல்லை. தன் கையாலேயே எல்லாவற்றையும் கழுவிவிட்டாள். தன்மேலும் அவளுக்கு ஆத்திரம் வந்தது.

கதவுக்காரர் கடைக்குள் போகும்வரை காத்திருந்தாள். பிறகு சைக்கிளை ஓட்டுநர் பக்கம் கொண்டுபோய், கதவோடு ஒட்டி நிறுத்தினாள். கேரியரிலிருந்த சங்கிலியை எடுத்து, தன் சக்கரத்துக்குள் விட்டு, கார்ச் சக்கரத்தின் அலுமினியக் கால்களுக்கு நடுவே விட்டு, இழுத்துப் பூட்டினாள். சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, எதிர்ச் சாரியில் மாடியில் இருந்த பட்டறைக்குத் தகரப் பெட்டியோடு ஏறிப் போனாள். அங்கே ஒரு மெஷின் நூலை அறுத்துக்கொண்டு காத்திருந்தது.

சத்தம் கேட்கத் தொடங்கியபோது அவள் மெஷினின் ஷட்டிலைக் கழற்றிக் கையில் வைத்திருந்தாள். தையல்காரர்கள் எல்லோரும் ஜன்னலுக்கு ஓடினார்கள். "அக்கா, உங்க சைக்கிளை எட்டி உதைக்கிறார்" என்றாள் ஒருத்தி.

"உதைக்கட்டும். அவர் கார்மேலதான் சாய்ஞ்சிருக்கு. கோடு விழுந்தா அவருக்குத்தான்."

மெஷினைச் சரிசெய்து, ஓட்டிப் பார்த்து, கையைத் துடைத்துக்கொண்டுதான் இறங்கினாள். கீழே கூட்டம். கதவுக்காரரின் முகத்தில் பழைய மலர்ச்சி எதுவும் இல்லை.

"பொம்பளைன்னு பார்க்கறேன்! இது ரவுடித்தனம்! பேங்க்குக்குப் போகணும், திறங்க பூட்டை!"

"சைக்கிள் பாதையில சைக்கிள் நிக்குது. உங்களுக்கு என்ன கஷ்டம்? நடந்து போங்க. நல்ல காத்து."

கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள். சிலர் அவளைத் திட்டினார்கள். சைக்கிளில் வந்த பால்காரர் ஒருவர் இறங்கி, விஷயத்தைக் கேட்டுவிட்டு, தன் சைக்கிளையும் காரின் முன்னால் ஸ்டாண்ட் போட்டு நிறுத்தினார். வீட்டு வேலைக்குப் போகிற பெண் ஒருத்தி தன்னுடையதைப் பின்னால் சாய்த்தாள். யாரும் அவர்களைக் கேட்கவில்லை. அவரவர் தோளிலும் முழங்காலிலும் அவரவர் கதை இருந்திருக்க வேண்டும்.

அந்த நேரம் பார்த்து ஒரு டவுன் பஸ் வந்தது. கூட்டத்தால் போக முடியாமல் நின்றது. ஓட்டுநர் ஜன்னலிலிருந்து தலை நீண்டது. அவள் புருஷன்.

அவர் காரைப் பார்த்தார், சங்கிலியைப் பார்த்தார், பெண்டாட்டியைப் பார்த்தார். பஸ்ஸுக்குள் பயணிகள் கத்திக்கொண்டிருந்தார்கள். ஊசியக்கா எல்லாவற்றுக்கும் தயாராக இடுப்பில் கை வைத்து நின்றாள். இப்போது இவரும் திட்டட்டும், ஒரு கை பார்த்துவிடலாம்.

"சாப்பிட்டியா?" என்றார் அவர்.

அவள் இடுப்பிலிருந்து கையை எடுத்தாள். "இன்னும் இல்லை."

"சாப்பிட்டுக்கோ. இது முடிய நேரமாகும் போலிருக்கு." தலையை உள்ளே இழுத்துக்கொண்டு, ஹாரன் அடிக்காமல், கூட்டம் வழிவிட்ட பிறகு மெல்ல நகர்த்திக்கொண்டு போனார்.

போலீஸ் வந்தது. வந்தவர் அதே மூக்குநுனிக் கண்ணாடிக்காரர். அவளைப் பார்த்ததும் பெருமூச்சு விட்டார்.

"சாவியைக் குடுங்கம்மா."

"குடுக்கறேன். கார் எங்க நிக்குதுன்னு முதல்ல எழுதுங்க."

"நான்தான் சொன்னேனே, பார்க்கிங் வேற..."

"அப்போ அந்த வேற பிரிவைக் கூப்பிடுங்க. நான் இங்கதான் இருக்கேன். எனக்குப் பொழுது போகுது."

பின்னால் வண்டிகள் அடித்த ஹாரன் காதைப் பிளந்தது. அவர் அங்குமிங்கும் பார்த்தார். சைக்கிள்களைப் பார்த்தார். கடைசியில் கார் பானெட்டின்மேல் தாளை வைத்து எழுதினார். அவள் விடவில்லை. "வாய்விட்டுப் படிங்க சார், அன்னிக்குப் படிச்ச மாதிரி." அவர் படித்தார். சைக்கிள் பாதையில் சட்டத்துக்கு மாறாக நிறுத்தப்பட்டிருந்த கார் என்று இருந்தது. அவள் பூட்டைத் திறந்தாள்.

இரண்டு பேருக்கும் அபராதம். அவளுக்குப் போக்குவரத்தை மறித்ததற்கு. கட்டினாள். கட்டும்போதும் பல்லைக் கடித்துக்கொண்டுதான் கட்டினாள்.

கதவுக்காரர் அதற்குப் பிறகு காரை அங்கே நிறுத்தவில்லை, பின்தெருவில் நிறுத்துகிறார். அவளைப் பார்த்தால் கடைக்குள் போய்விடுகிறார். அன்று கூட்டத்தில் யாரோ எடுத்த படம் எங்கெங்கோ சுற்றியதில், கடை வரிசை நெடுக, பாதையின் விளிம்பில் கார் ஏற முடியாதபடி இரும்புத் தூண்கள் நட்டார்கள். அந்தக் கொஞ்ச தூரத்துக்குப் பச்சைப் பாதையில் இப்போது சைக்கிள் போகிறது. பால்காரர் அவளைப் பார்க்கும்போதெல்லாம் மணி அடிக்கிறார். தூண்கள் முடிகிற இடத்திலிருந்து மறுபடி கார்கள்தான், சிக்னல்வரை. ஏன் அங்கேயே நிறுத்திவிட்டீர்கள் என்று கார்ப்பரேஷன் ஆபீசுக்கே போய்க் கேட்டாள். தூண் தீர்ந்துவிட்டது என்றார்கள். அதற்கும் ஒரு சண்டை போட்டுவிட்டுத்தான் வந்தாள்.

கை முழுசாக மேலே எழும்புவதில்லை. உயரமான அலமாரியிலிருந்து எதையாவது எடுக்க வேண்டுமென்றால் மாமியாரைக் கூப்பிட வேண்டியிருக்கிறது. வீட்டில் ரோட்டுச் சண்டை இப்போதும் உண்டு. "இன்னிக்கு ஒரு சைக்கிள்காரன் சொல்லாம கொள்ளாம குறுக்கே வந்துட்டான்" என்று புருஷன் ஆரம்பிப்பார். "முன்னால கார் நின்னிருக்கும், பார்த்தீங்களா?" என்பாள் அவள். அவர் சாப்பாட்டைப் பிசைந்தபடி கொஞ்சம் யோசித்து, "நின்னுச்சு" என்று ஒப்புக்கொள்வார்.

சென்ற வாரம்கூடத் தூண்கள் முடிந்த இடத்தில் அவள் கார்களைச் சுற்றி ரோட்டுக்கு வந்தபோது, பின்னால் வந்த ஒருவன் விடாமல் ஹாரன் அடித்துக்கொண்டே வந்தான். சிக்னலில் சிவப்பு விழுந்தது. அவள் அவன் காருக்குப் பக்கத்தில் சைக்கிளை நிறுத்தி, காலை ஊன்றி, பாதி இறங்கியிருந்த கண்ணாடியைத் தட்டினாள்.

"எதுக்கு அடிச்சீங்க?"

அவன் கண்ணாடியை முழுக்க ஏற்றிவிட்டுக்கொண்டான்.

"நான் எங்க போகணும்னு நினைச்சு அடிச்சீங்க? சொல்லுங்க, போறேன்!"

மூடிய கண்ணாடியில் மறுபடி தட்டினாள். அவன் நேராக முன்னால் பார்த்துக்கொண்டிருந்தான். பச்சை விழுந்தது. பின்னால் எல்லோரும் ஹாரன் அடித்தார்கள். ஊசியக்கா பெடலை மிதித்து அவனுக்கு முன்னால் ஏறி, ரோட்டின் நடுவிலேயே, அவசரப்படாமல் ஓட்டிக்கொண்டு போனாள்.